தராசுக்கு ஒரு தலை

தராசு வந்தால் பேரம் செத்துவிடும் என்று சொன்னவர்கள் யாரும் அந்தியூர் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக அங்கே தரகு. எனக்குப் பல் முளைக்கும் முன்பே மாட்டுக்குப் பல் பார்க்கத் தெரியும் என்று அப்பா பீற்றிக்கொள்வார். அதில் பாதி பொய். எங்கள் வீட்டில் எதுவுமே பாதிப் பொய்யில்தான் ஆரம்பிக்கும். பேரம் முடிகிறபோது மீதியும் உண்மையாகிவிடும்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள் நிழல் இயக்கத்துக்குப் பேச்சுவார்த்தைச் செயலாளராகப் போனதில் ஆச்சரியமில்லை. என் பெயர் செம்மலர். இயக்கத்துக்குள் என்னைப் பிடிக்காதவர்கள் முதுகுக்குப் பின்னால் 'தரகு மலர்' என்பார்கள். பிடித்தவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள்.

இயக்கத்தின் கோரிக்கை ஒன்றே ஒன்று. கோடையில் வெயில் நாற்பத்தெட்டைத் தொடுகிறது. காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை, வெளியில் நின்று வேலை செய்கிற யாரும் வெயிலில் நிற்கக் கூடாது. அந்த ஐந்து மணி நேரத்துக்கும் கூலி உண்டு. கொடியில் ஒரு கறுப்புக் குடை. குடைக்குக் கீழே, 'ஒருத்தரை வெயிலில் விட்டுவிட்டு ஒருத்தர் நிழலில் உட்கார மாட்டோம்' என்ற வரி. அந்த வரியை எழுதியவர் மாசிலாமணி அண்ணன். தார்ச்சாலை போடுகிறவர். அவருடைய தம்பி நாகராசு, சித்தோடு பைபாஸில் தார் வாளியோடு விழுந்து அங்கேயே செத்துப்போனான். வெயில் என்று எழுத மனமில்லாமல் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அண்ணன் அன்று பிடித்த கொடியை இன்னும் கீழே வைக்கவில்லை. பேரத்திலும் அப்படித்தான். ஐந்து என்றால் ஐந்து. நான் கூட்டிக்கொண்டுபோன மூன்று பேச்சுவார்த்தைகளிலும் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து வந்தவர்.

இப்போது தராசு. அடுத்த நாள் கோயமுத்தூர் சமரச மன்றத்தில் எங்கள் வழக்கு தராசில் ஏறப்போகிறது. ஊரே குதித்துக்கொண்டிருந்தது. ஈரோட்டில் எங்கள் அலுவலகம் ஒரு பழைய தறிப்பட்டறை. அதற்குள் அன்று காலையில் முந்நூறு பேர். வாசலில் மோர்ப்பந்தல். தெருமுனையில் யாரோ பட்டாசு கொளுத்த, வழக்கே முடியாமல் எதற்குப் பட்டாசு என்று யாரோ திட்ட, 'முடிஞ்சதுக்கப்புறம் வெடிக்க மனசு இருக்குமோ இருக்காதோ!' என்று அவன் சொல்ல, ஒரே சிரிப்பு.

சுகுமணி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். ஜார்க்கண்டிலிருந்து வந்து பன்னிரண்டு வருடமாக இங்கே கல் உடைக்கிறவள். வீட்டில் வைத்த பெயர் சுக்மணி. நம்மவர்கள் வாயில் விழுந்து சுகுமணி ஆனாள். ஒப்பந்தக் கூலி ஆட்களுக்கு இயக்கத்தில் அவள்தான் குரல்.

"அக்கா, இந்தத் தராசு பொய் சொன்னாக் கண்டுபிடிச்சிருமாமில்ல?"

"அது பொய்யெல்லாம் பாக்காது கண்ணு. பொய் பாக்கறதுன்னா என்ற தலையில வெச்ச ஒடனே பொகைஞ்சிருக்கும். 'இதுக்குக் கீழ போனா எந்திரிச்சுப் போயிருவேன்'னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு எடம் இருக்குமில்ல? அந்த எடம் எதுன்னு பாக்கும். அடிமட்டம்."

"நெத்தியில கட்டற பட்டைக்கு அது எப்படித் தெரியும்?"

"வாய்தான் பேரம் பேசும். ஒரு விலையைக் கேட்டதும் ஒடம்பு மொதல்லயே முடிவு பண்ணிருது. வேர்வை, நாடி, மூளைக்குள்ள ஓடற மின்சாரம். எங்கப்பா அதைக் கண்ணால பாப்பாரு. இவங்க பட்டையில பாக்கறாங்க."

"பொறவு?"

"நம்ம பக்கம் ஒரு தலை. முதலாளி பக்கம் ஒரு தலை. நம்ம அடிமட்டமும் அவங்க உச்சமும் தெரிஞ்சுபோச்சுன்னா நடு மத்தியில ஒரு கோடு. அதுதான் மூணு வருசத்துக்குத் தீர்ப்பு. அரை மணி நேரத்துல சோலி முடிஞ்சது."

"நம்ம அடிமட்டம் அவங்க உச்சத்துக்கும் மேல இருந்தா?"

"முறிவு. மூணு கோடைக்கு இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. வேலைநிறுத்தமும் பண்ணக் கூடாது."

சுகுமணி மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். போன கோடையில் மட்டும் அவள் பக்கத்து ஆட்கள் பதினோரு பேர் வெயிலில் செத்திருந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தராசு சட்டமான புதிதில் நானே கைதட்டினேன். ஒரு வருடம் இழுக்கிற பஸ் ஸ்டிரைக் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தால் யார்தான் தட்ட மாட்டார்கள்? வாடகைத் தகராறு, பாகப் பிரிவினை, விவாகரத்து, எல்லாம் தராசில் ஏறின. கல்யாண மண்டபங்களில் ஷாமியானா, நாற்காலி, சின்னத் தராசு மூன்றும் சேர்த்து வாடகைக்குக் கிடைத்தன. சீர்வரிசை பேசுவதற்கு. அங்கேதான் எனக்கு முதலில் உறைத்தது. பெண் வீட்டார் பயந்த பெண் வீட்டாராக இருந்தால் முள் ஒரு பக்கமாகவே போய் நின்றது. தராசில் கோளாறு கிடையாது. பசித்தவன் அடிமட்டம் தாழ்வாகத்தான் இருக்கும். நியாயமான தராசு அதையும் நியாயமாக நிறுத்துக் கொடுத்துவிடுகிறது.

ஆகவே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். பவானி மண்டபம் ஒன்றிலிருந்து ஒரு சின்னத் தராசை வாடகைக்கு எடுத்து வந்திருந்தேன். நாளை எந்தத் தலையை அனுப்புவது என்று இன்று எங்களை நாங்களே நிறுத்துப் பார்த்துக்கொள்ளத்தான். பெட்டியின் மேல் 'மணமக்கள் வாழ்க' என்று ஜிகினா எழுத்து ஒட்டியபடியே இருந்தது.

"கேட்டுக்குங்க எல்லாரும்," என்றேன் மேசைமேல் ஏறி. "ஒப்பந்ததாரர் சங்கத் தலைவர் அர்த்தநாரி நேத்து எனக்குப் போன் பண்ணினாரு. அவரு சொன்னதை மறைக்காம சொல்லிப்போடறேன். 'அம்மணி, அஞ்சு மணி நேரமும் எடுத்துக்குங்க. முழுக் கூலி. பதிவு பண்ணின ஆளுகளுக்கு மட்டும். ஒப்பந்த ஆளுகளைப் பத்திப் பேசாதீங்க.' இதான் அவரு வெலை."

பட்டறை கொதித்தது. துரோகம் என்றும் தூ என்றும் சத்தம். அதற்குள்ளேயே சிலர் சத்தம் போடாமல் யோசித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். சந்தையில் அந்த முகம் எனக்குப் பழக்கம். வாய் வேண்டாம் என்கிறபோது கண் மாட்டின் திமிலைத் தடவிக்கொண்டிருக்கும்.

"அதனால நாளைக்குப் போற தலை ரெண்டு மாதிரி இருக்கோணும். 'ஆருக்கு'ன்னு கேட்டா, அல்லாருக்கும். அங்க கல்லு மாதிரி. மனசுல ஒரு ஓரத்துல 'சரி போகுது'ன்னு இருந்தாக் கூட முள்ளு அந்தப் பக்கம் சாஞ்சிரும். 'எவ்வளவு நேரம்'னு கேட்டா, கொஞ்சம் எறங்கி வரோணும். அல்லாருக்கும்னா அர்த்தநாரி மூணு மணி நேரத்துக்கு மேல தாண்ட மாட்டாரு. எனக்கு அந்த மனுசனைத் தெரியும். வெலையில எறங்கலாம், எடையில எறங்கக் கூடாது. அவ்வளவுதான் விசயம்."

முதலில் இடிமுரசு இளங்குமரன் வந்தான். எங்கள் மேடைப் பேச்சாளன். அவன் பேசினால் மைக்செட்காரன் சவுண்டைப் பாதியாகக் குறைப்பான்.

"தோழர்களே! ஐந்து மணி நேரத்தில் ஐந்து நிமிடம் குறைந்தாலும் என் பிணத்தின் மீதுதான்..."

"பட்டையைக் கட்டிக்கிட்டுப் பேசு குமரா," என்றேன்.

கட்டினான். கேள்வியைப் படித்தேன். முள் ஐந்திலிருந்து கிளம்பியது. நான்கு, மூன்று, இரண்டு என்று வண்டி பிரேக் பிடிக்காத மாதிரி சரிந்து ஒன்றில் வந்து நின்று மூச்சு வாங்கியது. ஒப்பந்த ஆட்களை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு ஒரு கணம் கூடத் தயங்கவில்லை. 'ஆகட்டும்' பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

"மெசின் ரிப்பேர்!" என்று கத்தினான் இளங்குமரன்.

"மணமக்கள் வாழ்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பட்டறை ஓடு பறக்கிற மாதிரிச் சிரித்தார்கள்.

அடுத்து சுகுமணி. அவளை அனுப்பலாமே, பாதிக்கப்பட்டவள் அவள்தானே என்று நாலைந்து பேர் சொன்னார்கள். பட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். 'அல்லாருக்கும்' என்பதில் முள் நேராக நின்றது. நேரம் கேட்டேன். முள் இறங்க ஆரம்பித்தது. இரண்டு, ஒன்று. அதற்கும் கீழே போனது. அரை மணியில் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை.

"என்ன காட்டுது அக்கா?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"அரை மணி."

"அரை மணி கெடச்சா நல்லதுதானே?" என்றாள். "தண்ணி குடிச்சிட்டு, காலை நீட்டிக்கலாம்."

சுவரோரம் நின்றிருந்த மாசிலாமணி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு நான். கட்டாமல் தப்பிக்க முடியாது. நேரத்துக்கு இரண்டரை காட்டியது. பரவாயில்லை, என் கணக்குக்கு அருகில்தான். ஒப்பந்த ஆட்களை விட்டுவிடலாமா? முள் 'முடியாது' பக்கம்தான் நின்றது. ஆனால் ஆடியது. ஒரு மயிரிழை ஆடி, திரும்ப வந்து நின்றது. அஞ்சு மணி நேரம், முழுக் கூலி, இன்றைக்கே கையில் என்று என் அடிவயிற்றில் எங்கேயோ ஒரு தரகு ரத்தம் துள்ளியிருக்கிறது. முந்நூறு பேரும் பார்த்தார்கள். சுகுமணியும் பார்த்தாள். பட்டையைக் கழற்றும்போது அது என் முடியில் சிக்கிக்கொண்டது. அவள்தான் வந்து எடுத்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியில் அண்ணன். 'ஆருக்கு' என்றதும் முள் கல்லில் அடித்த ஆணி. அப்படி ஒரு நிற்பை நான் எந்தத் தராசிலும் கண்டதில்லை. கூட்டம் விசில் அடித்தது. 'எவ்வளவு நேரம்?' அங்கேயும் அதே ஆணி. ஐந்து.

"முறிவு," என்றேன். "ணா, நீங்க போனா முறிவு. மூணு கோடை."

"அப்ப முறியட்டும்."

"முறிஞ்சா உங்களுக்கு ஒண்ணுமில்லீங்ணா. கொடி உங்க கையில கறைபடாம அப்படியே இருக்கும். கொடிக்குக் கீழ எத்தனை பேரு இருப்பாங்கன்னு சொல்லுங்க."

"மலரு, உனக்கு எல்லாமே சந்தை."

"ஆமாங்ணா. சந்தையிலதான் வித்தவனும் வாங்கினவனும் உசுரோட ஊட்டுக்குப் போறான்."

யாரோ கை தட்டினார்கள். அண்ணன் என்னை நோக்கி வந்தார். கோபத்தில் அவருக்குக் குரல் உயராது, இறங்கும்.

"என்ற தம்பி உழுந்தது மூணே முக்காலுக்கு. நீ கேக்கற மூணு மணி நேரம்னா மத்தியானம் பன்னண்டுலருந்து மூணு. அப்ப அவன் உழுந்த நேரம் வெயில்லதானே நிக்கும்? இத்தனை வருசம் கொடி புடிச்சு, அந்த நேரத்தையே வித்துப்போட்டு வரச் சொல்றியா?"

இத்தனை நாள் ஐந்து, ஐந்து என்று அவர் நின்றதற்கு இதுதான் காரணமென்று எனக்கே அன்றுதான் தெரியும். மாட்டை விற்க மறுக்கிறவனிடம் விலையைக் கூட்டிக்கொண்டே போவான் முட்டாள் தரகன். எதற்காக விற்க மாட்டேன் என்கிறான் என்று கேட்பவன்தான் தரகன். மூன்று பேச்சுவார்த்தையாக நான் முட்டாள் தரகு பார்த்திருக்கிறேன்.

"ஆருங்ணா பன்னண்டுன்னு சொன்னது?" என்றேன். "எவ்வளவுன்னுதான் தராசு சொல்லும். எப்பன்னு நாமதான் சொல்லோணும், சட்டத்துலயே இருக்குது. நாலு மணியில முடிச்சுப்போட்டு அங்கிருந்து பின்னால எண்ணுங்க. மூணுன்னா ஒண்ணுலருந்து நாலு."

அவர் மனதில் ஏதோ அசைந்தது, அது மட்டும் தெரிந்தது. ஆனால் முந்நூறு ஜோடிக் கண் பார்த்துக்கொண்டிருந்தன. ஐந்தில் நிற்பவர் என்று பெயர் எடுத்த மனிதன், முந்நூறு பேர் முன்னால் வாயைத் திறந்து ஐந்துக்குக் கீழே ஒரு எண்ணை எப்படிச் சொல்வான்? வெளியே தெரிந்தால் இளங்குமரனே அவரை மேடையில் வைத்துக் கிழிப்பான். அதோடு, வாயால் மட்டும் சரி என்றால் நாளை பட்டை காட்டிக்கொடுத்துவிடும். அவர் உள்ளுக்குள்ளேயே இறங்க வேண்டும்.

எங்கள் சந்தையில் இதற்கு ஒரு வழி உண்டு. மாட்டு விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. இருவர் கைமேலும் ஒரு துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடிப்போம். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை விலை. சம்மதமென்றால் பிடித்த கையை இறுக்கிக் குலுக்கோணும். விரலை விட்டால் பேரம் முறிந்தது. சுற்றி ஆயிரம் பேர் நின்றாலும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. இறங்கி வந்தவனுக்கு அவமானமில்லை.

மேசைமேல் கிடந்த துண்டை எடுத்தேன். "கையைக் குடுங்ணா."

"என்ன வித்தை இது?"

"வித்தையில்லீங். துண்டு. உங்க தம்பி மேல ஆணையா, உள்ள நடக்கறது வெளிய வராது."

தயங்கித் தயங்கி நீட்டினார். தார்ச் சூடு ஏறிய கை, மரப்பட்டை மாதிரி. துண்டைப் போட்டேன். அவருடைய மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தேன். மூன்று. முந்நூறு பேரும் துண்டையே பார்த்தார்கள். ஒரு துண்டை அவ்வளவு பேர் அவ்வளவு ஆர்வமாகப் பார்த்து நான் கண்டதில்லை. பின்னால் ஒருத்தன், "கெடேரியா, காளையா?" என்றான். அடி விழுந்தது அவனுக்கு.

அண்ணனின் கை அசையாமல் கிடந்தது. வெகு நேரம். பிறகு திடீரென்று என் பிடியிலிருந்து விரல்களை உருவிக்கொண்டார். என் விரல்களில் இரண்டைப் பற்றித் தள்ளுவது போல ஒரு அழுத்து. கையை விட்டுவிட்டார். துண்டு கீழே விழுந்தது.

விட்டுவிட்டார். முறிந்தது.

"நாளைக்கு என்ற தலைதான்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தரகு முகத்தில் பேரம் முறிந்தது தெரியக் கூடாது. சிரித்து வைத்தேன்.

மறுநாள் கோயமுத்தூர். மன்றத்து வாசலில் குடையும் கொடியுமாக ரோடே கறுத்துக் கிடந்தது. மேளம் வேறு. உள்ளே நுழைகிற இடத்தில் அர்த்தநாரி நின்றிருந்தார். திருச்செங்கோட்டுக்காரர், நூல் வியாபாரத்தில் ஆரம்பித்துப் பாலம் கட்டுகிற வரை வந்தவர். வெள்ளை வேட்டி, கையில் எப்போதும் ஒரு வெற்றிலைப் பொட்டலம். என்னை ஒரு ஓரமாகக் கூப்பிட்டார்.

"அம்மணி, தலை ஆருது?"

"ஏனுங், அதுக்குள்ள என்ன அவசரம்?"

"நீங்களே உக்காருங்க. நாம ரெண்டு பேரும் யாவாரக் குடும்பம். நல்லபடியா முடிச்சுக்கலாம். அந்த மாசிலாமணியை உக்கார வெச்சீங்கன்னா மூணு வருசம் அல்லாருத்துக்கும் வெயிலுதான்."

"என்ற தலை அவ்வளவு சல்லிசுங்களா?"

"சல்லிசுன்னு ஆரு சொன்னா? நயமான தலைங்க உங்களது," என்றார் வெற்றிலையை மடித்துக்கொண்டே. என் முள் ஆடிய கதை அதற்குள் அவர் காதுக்குப் போயிருக்கிறது. இளங்குமரன் வழியாகத்தான் இருக்கும்; அவன் வாயில் எதுதான் தங்கும்?

மன்றத்துப் பெண் வந்து, "தொழிலாளர் தரப்புல யாரு?" என்றாள்.

அந்த ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் உட்கார்ந்தால், ஆடுகிற முள். அர்த்தநாரிக்கு அந்த மயிரிழை போதும். சுகுமணியின் ஆட்கள் வெயிலில், நாங்கள் ஐந்து மணி நேரம் நிழலில். அண்ணன் உட்கார்ந்தால் ஐந்து, முறிவு, மூன்று கோடைக்கு எல்லாரும் வெயிலில். எந்தப் பக்கம் பார்த்தாலும் நட்டம். சந்தையில் ஒரு சொல் உண்டு: நட்டமே என்றாலும் எடை சரியாக இருந்தால் அடுத்த வாரமும் கடை போடலாம். கள்ள எடை போட்டுப் பிடிபட்டவன் மறுபடி அந்தச் சந்தைக்குள் வர முடியாது.

"மாசிலாமணி," என்றேன்.

அர்த்தநாரியின் கையில் வெற்றிலை அப்படியே நின்றது.

உள்ளே கண்ணாடி அறை. அந்தப் பக்கம் அர்த்தநாரி, இந்தப் பக்கம் அண்ணன், நெற்றியில் பட்டைகள். நடுவில் பெரிய திரை; முட்களைக் காட்ட மாட்டார்கள், முடிவு மட்டுந்தான். நடுவர் அம்மாள் நிதானமாகப் படித்தார்.

"பதிவு பெற்ற தொழிலாளருக்கு மட்டும். ஐந்து மணி நேரம். முழுக் கூலி."

தராசுப் பெட்டி முனகியது. திரையில் சிவப்பு. மறுப்பு. வெளியே ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் ஆர்ப்பரித்தது. சுகுமணி என் கையைப் பிடித்தாள். நேற்றிலிருந்து இப்போதுதான் தொடுகிறாள்.

"அனைவருக்கும். நேரத்தைத் தராசு காணும்."

பெட்டி மறுபடி முனகியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். முறிவுக்கும் சிவப்புத்தான். இமைக்குள்ளும் சிவப்புத்தான் தெரிந்தது. பெட்டி இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளாது. என்னத்தை அரைக்கிறது? எனக்குத் தெரிந்த சாமிகளிடமெல்லாம் பேரம் பேசினேன்; குருநாதசாமிக்கு ஒரு கிடாய் என்று ஆரம்பித்து இரண்டில் முடித்தேன்.

வெளியே ஒரு சத்தம். மேளமா, வெடியா, கூச்சலா என்று பிரிக்க முடியவில்லை. சுகுமணி என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள், கல் தூக்குகிற கை அது. கண்ணைத் திறந்தால் திரை பச்சை.

அனைவருக்கும். மூன்று மணி நேரம்.

"அல்லாருக்கும்! அல்லாருக்கும்!" என்று அவள் குதித்தாள். நானும் குதித்தேன். என் வயதுக்கு அது நன்றாக இருக்கவில்லை என்று பிறகு படம் பார்த்தவர்கள் சொன்னார்கள். குதித்துக்கொண்டே என் மண்டைக்குள் ஒரே கேள்வி: விரலை விட்டுவிட்டுப் போன மனிதன் எப்படி இறங்கினார்?

வாசலில் இளங்குமரன் ஒரு ஜீப்பின் மேல் ஏறியிருந்தான். "நான் மட்டும் அந்தத் தராசில் உட்கார்ந்திருந்தால் ஐந்துக்கு ஒரு நொடி குறைந்திருக்குமா?" என்று முழங்கினான். நேற்று அவன் முள் ஒன்றில் படுத்ததைக் கண்ட அதே கூட்டம் மாலை போட்டது. சனங்களுக்குச் சந்தோஷம் வந்துவிட்டால் மாலைக்கு ஒரு கழுத்து வேண்டும். எந்தக் கழுத்து என்று பார்ப்பதில்லை.

அர்த்தநாரி படியிறங்கி வந்தார். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்றார்.

"நெம்ப நல்லாச் சாமர்த்தியம் பண்ணினீங்க அம்மணி. ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா? முடிஞ்ச யாவாரந்தானே."

"சொல்லுங்."

"நான் நாலு மணி நேரம் வரைக்கும் மனசத் தேத்திட்டுத்தான் வந்தேன். இந்த வருசமும் ஆளுக உழுந்தா வெளிநாட்டுக் காண்ட்ராக்ட் போயிரும். அல்லாருக்கும்னாலும் நாலு வரைக்கும் ஒப்புத்தான்."

சொல்லிவிட்டுக் காரில் ஏறிப்போனார். நான் படியிலேயே நின்றேன். அவர் உச்சம் நான்கு. நடுவில் கோடு விழுந்தது மூன்றில். அப்படியானால் இந்தப் பக்கத்து அடிமட்டம்?

இரண்டு.

மூன்றென்று நான் பிடித்ததற்கு அவர் இரண்டு விரலைப் பற்றினாரே! தள்ளவில்லை. விலை சொன்னார். சந்தைக்குப் போகாத மனிதன். சம்மதமென்றால் இறுக்கிக் குலுக்கோணும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? விற்கிறவன் தரகர் கேட்ட விலைக்கும் கீழே தானாகவே இறங்கிப் பிடிப்பான் என்று எந்தத் தரகிதான் நினைப்பாள்? மூன்றில் நின்றிருந்தால் மூன்றரை கிடைத்திருக்கும். இரண்டுக்கு இறங்கியதில் போனது அரை மணி நேரம். சுகுமணியின் அந்த அரை மணி.

அடுத்த திங்கட்கிழமை நிழல் நேரத்தின் முதல் நாள். பெருந்துறை ரோட்டு வேலையில் சரியாக ஒரு மணிக்குச் சங்கு ஊதியது. தார் இயந்திரம் நின்றது. புளியமரத்து வரிசைக்கடியில் துணிப்பந்தல். பதிவு ஆள், ஒப்பந்த ஆள் எல்லாம் கலந்து உட்கார்ந்தார்கள். முதல் பத்து நிமிடம் யாருக்கும் சும்மா இருக்கத் தெரியவில்லை. கூலியோடு உட்காருவது கூச்சமாக இருந்தது. பிறகு ஒருத்தன் சீட்டுக்கட்டை எடுத்தான். சுகுமணி சொன்னபடியே தண்ணீர் குடித்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். நீட்டியதும் தூங்கிவிட்டாள்.

அண்ணன் மட்டும் பந்தலுக்கு வெளியே நின்று, ஒவ்வொருத்தராக உள்ளே வந்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆள் வந்த பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றே முக்கால் வந்தது. போனது. ரோட்டில் கானல் ஓடியது. ஒருவரும் அதில் நிற்கவில்லை. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நான்கு மணிச் சங்குக்குக் கொஞ்சம் முன்னால் கேட்டார்: "மலரு, துண்டுக்குள்ள ரெண்டு புடிச்சேனே, கவனிச்சியா?"

"கவனிச்சனுங்ணா."

"சுகுமணி அரைன்னுச்சு. நான் அஞ்சுன்னேன். அல்லாரும் உக்காரணும்னா நான்தானே எறங்கி வரோணும். ரெண்டு இருந்தாலே அவன் நேரம் உள்ள வந்துருதுன்னு பட்டுச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா மூணு கெடச்சிருக்குது. நாம நெனச்சதுக்கும் மேல. வெலை சரிதானே?"

அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. எத்தனையோ வருடம் கழித்து முதன்முதலாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

வாங்கினவன் எதுவரை வந்திருப்பான் என்று விற்றவனிடம் எந்தத் தரகனும் சொன்னதில்லை. சொன்னால் அவனுக்கு வாழ்நாளெல்லாம் தூக்கம் வராது.

"நல்ல வெலைங்ணா," என்றேன். "அந்தியூர்ல கூட இப்படி அமையாது."

சங்கு ஊதியது. எல்லாரும் எழுந்து தலையில் துணியைக் கட்டிக்கொண்டார்கள். பட்டறையில் பேரம் பேசிய துண்டை நான் மடித்துப் பையில் வைத்திருந்தேன். எடுத்து அவர் கைமேல் போட்டேன்.

"இப்ப எதுக்கு இது?"

"அடுத்த பேச்சுக்கு மூணு வருசம் இருக்குதுங்ணா. அதுக்குள்ள உங்களுக்கு ஒண்ணு பழக்கோணும். புடிச்ச வெரலை அவ்வளவு வெசையா விட்டுரக் கூடாதுங்."